சீனச் சுருளும் சூளை ஓடும்: கிழக்காசியக் கலை வரலாறு – வாசகர் கேள்வி பதில்

சீனா, கொரியா, ஜப்பான் கலை வரலாற்றைப் படிப்பது பற்றியும் கற்பிப்பது பற்றியும் வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறேன். சீன, ஜப்பானிய ஓவியங்களை மேற்படிப்பாக எடுக்க ஆசை. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா? இந்தியாவிலேயே படிக்க வழி உண்டா?
– மாணவி, திருச்சி

பதில்: எம்.ஏ. வரை ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். ஆய்வு என்று இறங்கினால் முடியாது. ஒரு சீன ஓவியத்தில் ஓவியர் எழுதிய வரிகள், நண்பர் எழுதிய கவிதை, பின்னால் அதை வைத்திருந்தவர்களின் குறிப்புகள், அவர்கள் பதித்த சிவப்பு முத்திரைகள் எல்லாம் படத்தோடு சேர்ந்தே இருக்கும். அவற்றைப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த ஓவியம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, யார் அதை அசல் என்று நம்பினார், யார் சந்தேகப்பட்டார் என்பது எதுவும் பிடிபடாது.

இந்த எழுத்துகள் பெரும்பாலும் செவ்வியல் சீனத்தில் இருக்கும். கொரியாவிலும் ஜப்பானிலும்கூடக் கற்றவர்கள் பல நூற்றாண்டுகள் அதில் எழுதினார்கள். அதனால் எந்த நாட்டை எடுத்தாலும் ஒரு வருடமாவது செவ்வியல் சீனம் படிக்க வேண்டிவரும். சீனக் கலையை எடுப்பவர் ஜப்பானிய மொழியை வாசிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்வது நல்லது. ஜப்பானிய அறிஞர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுதிக் குவித்த அட்டவணைகளும் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் வரவில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு நவீன மொழி. ஜப்பானிய மொழி என்றால் எம்.ஏ. விண்ணப்பத்துக்குள் ஜேஎல்பிடி என்ற மொழித்தேர்வில் என்2 நிலை, ஆய்வுக்குப் போகும்போது அதைவிட உயர்ந்த என்1. கொரியம் என்றால் டோபிக் மொழித்தேர்வில் 4-ஆம் நிலை, பிறகு 6. தினமும் ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகப் படித்தால், எழுத்தே தெரியாத நிலையிலிருந்து என்2 எட்ட பெரும்பாலானவர்களுக்கு மூன்று ஆண்டு ஆகும். இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் தொடங்குபவர்கள் இரண்டிலும் நடுவழியில் நின்றுவிடுகிறார்கள். சென்னையில் ஜப்பானிய மொழிக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய், கொரியத்துக்கு இன்கோ மையம் இருக்கின்றன. ஜேஎல்பிடி தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம்.

இந்தியாவில் படிப்பது பற்றி: கிழக்காசியக் கலைக்கென்றே தனித் துறையைத் தேடி அலைய வேண்டாம். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றிலோ டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலை, அழகியலிலோ எம்.ஏ. முடித்து, ஓவியத்தைப் பார்க்கவும் விவரிக்கவும் வாதிடவும் பழகிக்கொள்ளுங்கள். மொழியைப் பக்கத்தில் வளர்த்துக்கொண்டே வாருங்கள். சாந்திநிகேதனுக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1919-இல் தொடங்கிய கலா பவனும், 1937-இல் தொடங்கிய சீன பவனும், ஜப்பானிய மொழிக்கான நிப்பான் பவனும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா தென்ஷின் 1901-02-இல் இந்தியா வந்ததும், மறு ஆண்டு ஓவியர்கள் யோகோயாமா தாய்கானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்ததும், அவர்களைப் பார்த்து வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் வண்ணத்தை நீரில் கரைத்துக் கழுவும் முறையை வளர்த்துக்கொண்டதும் இன்னும் தோண்ட வேண்டிய விஷயங்கள். சான்றுகளில் பெரும்பகுதி வங்காளத்திலேயே கிடைக்கும்.

வெளிநாடு என்றால் லண்டன் சோயாஸ், ஜெர்மனியின் ஹைடெல்பெர்க், தைபேயின் தேசிய தைவான் பல்கலைக்கழகம், டோக்கியோ, கியோத்தோ, சியோல் தேசியப் பல்கலைக்கழகம் என்று பட்டியல் போகும். ஹைடெல்பெர்க்கில் கிழக்காசியக் கலை வரலாற்றுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அந்த ஊர் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் பருவத்துக்கு 1500 யூரோ வசூலிக்கிறது, பிரிட்டனோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர்தான் முக்கியம். அவரிடம் கடைசியாக முடித்த மூன்று பேரின் ஆய்வேட்டுத் தலைப்புகளைத் தேடிப் பாருங்கள். உங்கள் தலைப்பு அந்தப் பக்கத்திலேயே இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

கேள்வி: உதவித்தொகைகளில் எதற்கு எப்போது விண்ணப்பிப்பது?
– பட்டதாரி, திருநெல்வேலி

பதில்: ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழி விண்ணப்பிக்கும் அறிவிப்பு பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில் வரும். ஆய்வு மாணவர் பிரிவுக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும். கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகை அறிவிப்பு பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அதில் முதல் ஆண்டு முழுக்க மொழிப் பயிற்சி, முடிவில் டோபிக் 3 எட்டினால்தான் பட்டப்படிப்பில் சேர முடியும். தைவான் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகையும், மொழிக்கு மட்டுமான ஹுவாயூ உதவித்தொகையும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். இவற்றுக்குச் சென்னையிலுள்ள தைபே பொருளாதார, கலாச்சார மையத்தை அணுகலாம். ஒவ்வோர் ஆண்டும் தேதி நகரும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் தள்ளுபடியாவதற்குப் பெரும்பாலும் மதிப்பெண் காரணமாக இருப்பதில்லை, ஆய்வுத் திட்டம்தான் காரணம். ‘ஜப்பானிய பௌத்தக் கலையில் இந்தியத் தாக்கம்’ என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கோயில், ஒரு தொகுப்பு அல்லது ஐந்தாறு சிற்பங்கள், ஒரு ஐம்பது ஆண்டுக் காலம், ஒரு கேள்வி என்று சுருக்குங்கள். அந்தப் பொருட்களை எங்கே, எந்த மாதத்தில் பார்ப்பீர்கள் என்பதையும் எழுதினால், வேலை தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

கேள்வி: நுண்கலைக் கல்லூரியில் கலை வரலாறு எடுக்கிறேன். ‘சீனா, கொரியா, ஜப்பான்’ மூன்றும் ஒரே தாள். 15 வாரம், வாரம் 3 மணி நேரம். வம்சங்களை வரிசையாக நடத்தினால் மாணவர்கள் தூங்குகிறார்கள். மாற்று வழி சொல்லுங்கள்.
– உதவிப் பேராசிரியர், புதுச்சேரி

பதில்: 45 மணி நேரத்தில் மூவாயிரம் ஆண்டுகளை நடத்தப் பார்த்தால் பெயரும் ஆண்டும்தான் மிஞ்சும். பன்னிரண்டு பொருட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள். வம்சங்களை ஒரே பக்க அட்டவணையாக அடித்து முதல் நாளே கையில் கொடுத்துவிடலாம்.

எங்கள் பன்னிரண்டு: சீனாவின் ஷாங் வம்சக் காலத்து வெண்கலப் பாத்திரம், மவாங்துய் கல்லறையின் பட்டுக்கொடி, துன்ஹுவாங் மோகாவ் குகை ஒன்று, ஜப்பானில் நாராவின் ஹோர்யூ-ஜி கோயில், கொரியாவில் கியோங்ஜுவின் சொக்குராம் குகைக்கோயில், ஃபான் குவானின் மலை ஓவியம், 1053-இல் ஜோச்சோ செதுக்கிய பியோதோ-இன் கோயில் அமித புத்தர், கொரியாவின் கொர்யோ காலத்துச் செலடான் (பச்சைப் பூச்சுப் பீங்கான்), 1203-இல் செதுக்கிய தோதாய்-ஜி கோயில் வாயிற்காவலர்கள், ஹுவாங் கோங்வாங்கின் ஃபுசுன் மலைச் சுருள் ஓவியம், 1751-இல் கொரிய ஓவியர் ஜோங் சொன் தீட்டிய இன்வாங் மலை, ஹொகுசாயின் பேரலை. கொரியாவுக்கு மூன்று இடம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான பாடத்திட்டங்களில் கொரியா, சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரத்தில் கடந்துபோகும் ஊர்போல ஆகிவிடுகிறது. அது வரலாற்றுக்கே பொருந்தாத சித்திரம்.

வெண்கல வாரத்தில் நம் மாணவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. சுவாமிமலையின் மெழுகு வார்ப்பு அவர்களுக்குத் தெரியும், மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் நிரம்பும், அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். ஷாங் காலத்துக் கைவினைஞர்கள் போன வழியே வேறு. களிமண்ணில் பாத்திரத்தின் மாதிரியைச் செய்து, அதன்மேல் வேறு களிமண்ணை அப்பி, அரைகுறையாகக் காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டி எடுப்பார்கள். பிறகு உள்ளிருக்கும் மாதிரியை மேலாகச் சீவுவார்கள். எவ்வளவு சீவினார்களோ, அதுதான் பாத்திரச் சுவரின் கனம். வெளி அச்சைத் திரும்பச் சேர்த்து, இடைவெளி குறையாமலிருக்கச் சிறு வெண்கலத் துண்டுகளை நடுவில் வைத்து உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சுத் துண்டுகள் சேரும் கோட்டில் உலோகம் கசியும். அந்தக் கோடுகள் வழியாகவே பாத்திரத்தின் அலங்காரம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருப்பதைப் படத்தில் காட்டுங்கள், செங்குத்தாக நிற்கும் விளிம்புகள் பெரும்பாலும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கும். இதைப் புரிந்துகொண்ட மாணவர் அன்யாங்கில் கிடைத்த 832 கிலோ எடையுள்ள, நான்கு கால் கொண்ட செவ்வகப் பெரும்பாத்திரத்தைப் பிரமிப்போடு மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். இணைப்பு எங்கே என்று தேடுவார். ஒரு டம்ளரையும் ஐந்து கிலோ களிமண்ணையும் வைத்து இரண்டு மணி நேரத்தில் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். அச்சு ஈரமாக இருக்கும்போதே வெட்டினால் வடிவம் இழுபடும், முழுக்கக் காய்ந்தபின் வெட்டினால் உடையும். அந்த இடைநிலையைப் பிடிப்பதுதான் பாடம்.

சுருள் ஓவியத்தை நடத்தும்போது திரைதான் எதிரி. ஃபுசுன் சுருளின் பெரிய பகுதி 33 செ.மீ. உயரம், 636.9 செ.மீ. நீளம். முழுதும் திரையில் தெரிய வைத்தால் ஒரு ரிப்பன்தான் தெரியும். அதை அதே அளவில் அச்சடியுங்கள். தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் படங்களை இலவசமாகத் தருகிறது. அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தால் முழு நீளத்துக்குச் சுமார் 37,600 பிக்சல் வேண்டும். அவ்வளவு பெரிய கோப்பு கிடைக்காவிட்டால் படத்தைச் சுருக்காதீர்கள், இரண்டு மீட்டர் பகுதியை மட்டும் உண்மை அளவில் அடியுங்கள், அதற்கு 11,800 பிக்சல் போதும். பிளாட்டர் இயந்திரத்தில் பளபளப்பில்லாத தாளில் அடிக்கச் சொல்லுங்கள். ஃபிளெக்ஸ் வேண்டாம், டியூப்லைட் வெளிச்சத்தில் கண் கூசும், சுருட்டினால் விரியாது. இரு முனையிலும் ஒரு அங்குல பிவிசி குழாயை ஒட்டுங்கள்.

ஒரு சுருளுக்கு நான்கு பேர். வலப்பக்கத்திலிருந்து தொடங்கி ஒருமுறைக்கு அறுபது செ.மீ. மட்டும் திறக்க வேண்டும், இடக்கை பிரிக்கப் பிரிக்க வலக்கை சுருட்ட வேண்டும். முழுவதையும் தரையில் விரித்து வைத்துச் சுற்றி நின்று பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிப் பார்த்தால் அடுத்த மலை எப்போது வரும் என்று ஓவியர் வைத்த காத்திருப்பு போய்விடும்.

அந்தச் சுருளிலேயே இன்னொரு வகுப்பு இருக்கிறது. 1350-இல் முடிக்கப்பட்ட ஓவியம் அது. 1650-இல் அதை வைத்திருந்தவர் சாகும் தறுவாயில் தீயில் போடச் சொன்னார், குடும்பத்தவர் ஒருவர் வெளியே இழுத்துக் காப்பாற்றினார். இரண்டாகப் பிரிந்ததில் முன்பகுதியின் 51.4 செ.மீ. துண்டு இன்று ஹாங்சோவில் ஜேஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில், மீதி தைபேயில். 2011-இல் இரண்டையும் தைபேயில் சேர்த்துக் காட்டினார்கள். மாணவர்களிடம் மூன்று மீட்டர் வெற்றுத் தாளைக் கொடுத்து ஐந்து செ.மீ. விட்டத்துக்குச் சுருட்டச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் ஓரிடத்தில் ஊதுபத்தியால் சுட்டு, உள்ளே பல சுற்று போனதும் நிறுத்துங்கள். விரித்தால் ஓட்டைகள் வரிசையாக இருக்கும். வெளிச்சுற்றில் இரண்டு ஓட்டைக்கு நடுவே ஏறக்குறைய 15.7 செ.மீ. இடைவெளி, உள்ளே போகப் போக இடைவெளியும் குறையும், ஓட்டையும் சிறுக்கும். சுருளில் முதலில் எரிவது ஓவியத்தின் தொடக்கம் என்பதும், சேதத்தை அளந்து துண்டுகளின் வரிசையைக் கண்டுபிடிக்க முடியும் என்பதும் விளக்காமலே புரியும். கையருகில் வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

பிறகு போலியைக் காட்டுங்கள். சீனப் பேரரசர் சியென்லோங் 1745-இல் ஒரு நகலை வாங்கி அசல் என்று நம்பினார். மறு ஆண்டு உண்மையான சுருள் வந்தபோது அதை நகல் என்று ஒதுக்கினார். நகலின் மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதித் தள்ளினார். அதனால் அசல் தப்பித்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து எது போலி என்று மாணவர்களைக் கேளுங்கள். நகலில் ஓவியரின் கையெழுத்துக் குறிப்பு மலைக்கு மேலே வானத்தில் இருக்கும். அசலில் படம் முடிந்த பிறகு இடப்பக்கம் இருக்கும். இந்த விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அரை மணி நேரம் காத்திருங்கள்.

கேள்வி: எந்தச் சீன ஓவியத்தைக் கொடுத்தாலும் மாணவர்கள் ‘வெற்றிடம், ஜென், இயற்கையோடு ஒன்றுதல்’ என்று எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?
– ஆசிரியை, மதுரை

பதில்: முதல் 300 சொற்களில் அந்த மூன்று சொற்களுக்கும் தடை போடுங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: அளவு, பட்டா காகிதமா, மை எங்கே அடர்த்தி, எங்கே நீர்த்திருக்கிறது, கோடு எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது.

ஃபான் குவான் வரைந்த, மலைகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவே பயணிகள் போகும் ஓவியத்தைக் கொடுத்துப் பழக்கலாம். பட்டில் மை, 206.3 செ.மீ. உயரம், 103.3 செ.மீ. அகலம். ஆளைவிட உயரம் என்பதைச் சுவரில் சாக்பீஸால் அதே அளவில் கட்டம் போட்டுக் காட்டுங்கள். மலையின் முகம் முழுக்க மழைத்துளி விழுந்த மாதிரி சின்னச் சின்னக் குத்துகள். மலையடியில் பனி, அதனால் மலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க முடியாமல் போகிறது. கீழே வலப்பக்கம் சரக்கு ஏற்றிய கழுதைகள். அவற்றின் பின்னால் வரும் இலைக் கொத்துக்குள் ஓவியரின் கையெழுத்து ஒளிந்திருக்கிறது. அதை 1958-இல்தான் தைபே அரண்மனை அருங்காட்சியக அறிஞர் லி லின்ட்சான் கண்டுபிடித்தார். அத்தனை நூற்றாண்டு அத்தனை பேர் பார்த்த ஓவியம் அது. இந்தத் தகவலுக்குப் பிறகு மாணவர்கள் படத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

பனியை ஜென் என்று எழுதியவரிடம், குவோ ஷி 1072-இல் வரைந்த ‘இளவேனில்’ ஓவியத்தையும், மலையை மூன்று விதத் தொலைவில் காட்டலாம் என்று அவர் சொன்னதையும் படிக்கக் கொடுங்கள்: கீழிருந்து உச்சியை நோக்குவது, முன்னிருந்து பின்மலைகளுக்குள் நுழைவது, அருகிலிருந்து தொலைவுக்குச் சமமாகப் பார்வையை ஓட்டுவது. அவர் அரசவை ஓவியர், துறவி அல்லர். இடைவெளியும் பனியும் அவருக்குத் தொழில்நுட்பக் கேள்விகள்.

இன்னொன்று: ‘இன்னார் வரைந்தது’, ‘இன்னாருடையது என்று கருதப்படுவது’, ‘இன்னாரைப் பின்பற்றியது’ என்று அருங்காட்சியகம் போட்டிருக்கும் சொல்லை மாணவர் அப்படியே எடுத்து எழுத வேண்டும். இதைத் தவறவிடும் விடைத்தாளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கலாம், அது கடுமையல்ல.

கேள்வி: ஆய்வுக்காக ஜப்பானும் தைவானும் போகப் போகிறேன். போன இடத்தில் ஓவியம் காட்சியில் இல்லை என்றால்?
– ஆய்வு மாணவர், சென்னை

பதில்: திட்டமிடாமல் போனால் அதுதான் நடக்கும். பட்டும் காகிதமும் வெளிச்சத்தில் நிறமிழக்கும், அந்தச் சேதத்தைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. ஜப்பானில் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட ஓவியங்களை ஆண்டுக்கு மொத்தம் 60 நாளுக்குள் காட்டுவதே பொது விதி. தைபேயில் மிக அரிய ஓவியங்கள் ஒருமுறை ஏறக்குறைய 40 நாள் வெளியே வரும், பிறகு சில ஆண்டு ஓய்வு. நாராவின் ஷோசோ-இன் என்ற பழைய கருவூலத்தின் பொருட்கள் இலையுதிர் காலத்தில் இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் காட்டப்படும்.

விமானச் சீட்டுக்கு முன் கண்காட்சியின் பொருட்பட்டியலை இறக்கிப் பாருங்கள். ஜப்பானியப் பட்டியல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரே தேதி போட்டிருக்கும். முற்பாதியில் ஒரு சுருள், பிற்பாதியில் வேறு சுருள், அல்லது அதே சுருளின் வேறு பகுதி. இதைக் கவனிக்காமல் சரியான கண்காட்சிக்குத் தவறான வாரத்தில் போய் நிற்பவர்கள் பலர்.

காட்சியில் இல்லாததைச் சேமிப்பறையில் பார்க்க அனுமதி கேட்கலாம். மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். பொருளின் பதிவெண், ஏன் படம் போதாது என்பதற்கு ஒரு பத்தி, நெறியாளரின் கடிதம், உங்களுக்கு ஏற்ற மூன்று தேதிகள். ‘முழுத் தொகுப்பையும் பார்க்க வேண்டும்’ என்று கேட்டால் மறுத்துவிடுவார்கள். நான்கைந்து பொருட்கள் கேளுங்கள். ‘பின்புறம், தாள்களை ஒட்டிய மூட்டு, முத்திரையின் மை பட்டின் இழைக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் காப்பாளருக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

அன்று பென்சில், தாள், துணி அளவு நாடா, பத்து மடங்கு உருப்பெருக்கி எடுத்துப் போங்கள். பேனா கூடாது. மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, தொங்கும் அடையாள அட்டை எல்லாம் கழற்றிவிட வேண்டும். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், ஓவியத்தின் மேல் குனிந்து பேசாதீர்கள். சுருளைப் பிரிப்பது காப்பாளர் வேலை, அவர் சொல்லாமல் கை வைக்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் எதையும் எழுதாமல் பாருங்கள். பிறகு அளவு, மூட்டுகள் எந்த இடத்தில், முத்திரைகள் எங்கே, மடிப்பு எங்கே என்று ஒரு வரைபடமாகப் போட்டுக்கொள்ளுங்கள். புகைப்படத்தை நம்பி வரைபடத்தை விட்டால், ஊருக்கு வந்தபின் எந்த முத்திரை எந்த மூட்டின் மேல் இருந்தது என்பது குழம்பிவிடும். மூட்டின் மேல் பாதி இந்தப்பக்கம் பாதி அந்தப்பக்கமாக முத்திரை பதிந்திருந்தால், அது பதிக்கப்பட்ட நாளில் அந்த இரண்டு தாள்களும் ஒன்றாக இருந்தன என்பதற்குச் சான்று. முத்திரையின் இரு பாதியும் இப்போது பொருந்தாவிட்டால், இடையில் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: டோக்கியோ பழைய புத்தகக் கடையில் ஹொகுசாயின் அலை ஓவியம் ஒன்று வாங்கினேன். அசலா?
– வாசகர், பெங்களூரு

பதில்: உருப்பெருக்கியில் பாருங்கள். வண்ணம் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் இயந்திர அச்சு. மரக்கட்டை அச்சாக இருந்தால் நிறம் சீராகப் பரவி, தாளின் பின்புறம் கசிந்திருக்கும். 1830-களின் தொடக்கத்தில் அடித்தவை ஏறத்தாழ 25-க்கு 37 செ.மீ. இருக்கும். ஒரே கட்டையில் ஆயிரக்கணக்கில் அடித்ததால், பிற்காலப் பிரதிகளில் தலைப்புக் கட்டத்தின் ஓரக்கோடு ஆங்காங்கே அறுந்திருக்கும். கோடுகள் எல்லாம் முழுசாக, தாள் வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நவீனப் பதிப்பகத்தின் பெயர் இருந்தால், புதிதாகக் கட்டை செதுக்கி அடித்தது. அது ஏமாற்று அல்ல, வகுப்பில் கையால் தொட்டுப் பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பச்சை நிறப் பீங்கான் ஓடுகள் கிடைக்கின்றன. சீன ஓடு என்கிறார்கள். சீன மொழி தெரியாத நான் இதில் என்ன செய்ய முடியும்?
– தொல்லியல் மாணவர், பரமக்குடி

பதில்: நிறையச் செய்யலாம். பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் நிறையக் கிடைத்ததும், ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா தமிழ் அறிஞர்களோடு சேர்ந்து அதை ஆராய்ந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கடல்வழியின் மறுமுனையில், சுவான்சோ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கிருந்த சிவன் கோயிலின் சிற்பத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. 1409-ஆம் ஆண்டு தேதியிட்ட காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்டு, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் பெரும்பாலான சீனக் கலை ஆய்வாளர்களுக்கு இல்லாத பலம் உண்டு.

ஓட்டை அடையாளம் காண நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பச்சை நிறம் கண்ணாடிப் பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பினால் வருவது. சூளையில் காற்று குறைந்தால் நீலப்பச்சை, காற்று புகுந்துவிட்டால் அதே சூளையிலேயே மஞ்சள் பழுப்பு. அதனால் மஞ்சளாக இருப்பதை வேறு ஊர்ச் சரக்கு என்று பிரித்து வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. உடைந்த விளிம்பையும் அடிப்பாகத்தையும் பாருங்கள். சீனச் சூளை ஊர்களில் லுங்சுவான் ஓடு என்றால் உள்மண் சாம்பல் கலந்த வெள்ளை, பூச்சு தடிப்பு, பூச்சுப் படாத அடிவளையம் சூட்டில் செங்காவி நிறமாகியிருக்கும். ஜிங்தெஜென் ஓடு என்றால் உள்மண் வெண்மை, மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும்.

ஒவ்வோர் ஓட்டுக்கும் நான்கு படம்: வெளிப்புறம், உட்புறம், உடைந்த விளிம்பு, அடி. பக்கத்தில் 5 செ.மீ. அளவுகோல், நிழல் வெளிச்சம், ஃபிளாஷ் வேண்டாம். வாய் விளிம்பு இருந்தால், பல அளவு வட்டங்கள் வரைந்த விட்ட அட்டையில் வைத்துப் பாத்திரத்தின் விட்டத்தைக் கணக்கிடுங்கள். முழு வட்டத்தில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத துண்டில் விட்டம் சொல்ல முயல வேண்டாம். ஓடுகளை வீட்டுக்கு எடுத்துவந்து சேர்க்காதீர்கள். இடம் தெரியாத ஓடு ஆய்வுக்கு உதவாது. கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், அனுமதியோடு வேலை செய்யுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் நல்ல இடம். பெலிதுங் கடலில் 1998-இல் கண்டெடுத்த கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது, பெரும்பகுதி சீனாவின் சாங்ஷா சூளைக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826-ஆம் ஆண்டுக்குரிய தேதியே எழுதியிருக்கிறது. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்திலும் சீன, ஜப்பானியப் பீங்கான்கள் உண்டு.

கேள்வி: போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்பதை ஓவியங்களை வைத்து நிரூபிக்கும் ஆய்வைச் செய்யலாமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: நிரூபிக்க வேண்டும் என்று தொடங்கினால் வழியில் கிடைக்கும் நல்ல விஷயங்களை விட்டுவிடுவீர்கள். அவரைப் பற்றி மிகப் பழைய குறிப்பு, 547 வாக்கில் லோயாங் கோயில்களைப் பற்றி எழுதிய நூலில் வருகிறது. அது அவரைப் பாரசீகத்துத் துறவி என்கிறது. தென்னிந்திய மன்னரின் மூன்றாவது மகன் என்பது அவருடைய சீடராகக் கருதப்படும் தான்லின் எழுதிய முன்னுரையில் வருகிறது. ஓவியங்களோ இவற்றுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அடர்ந்த புருவம், தாடி, காதில் வளையம், சிவப்பு அங்கி எல்லாம் ‘மேற்கிலிருந்து வந்தவர்’ என்று காட்டச் சீன, ஜப்பானிய ஓவியர்கள் பௌத்த அருகர்களுக்கும் (ஞானமடைந்த புத்தரின் சீடர்களுக்கும்) பயன்படுத்திய அடையாளங்கள். முகத்தை வைத்து ஊரைச் சொல்ல முடியாது.

வேறொரு கேள்வியைப் போடுங்கள்: நாணல் மேல் நின்று ஆற்றைக் கடப்பது, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, ஒற்றைச் செருப்போடு திரும்பிப் போவது, இந்த மூன்று காட்சிகளில் எது எங்கே எப்போது முதலில் வருகிறது? தேதி உறுதியான நாற்பது படங்களைத் திரட்டுங்கள். ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்களுக்கான கோல்பேஸ் தரவுத்தளம், தைபேயின் திறந்த தரவு, நியூயார்க் மெட்ரோபாலிட்டன், கிளீவ்லாந்து இணையதளங்கள் எல்லாம் இலவசம். ஒவ்வொன்றுக்கும் தேதி, அளவு, மேலே எழுதியிருக்கும் கவிதை யாருடையது, எந்தக் கோயிலுக்காக என்று அட்டவணை போடுங்கள். தேடும்போது பெயர்ச்சொல்லைச் சீன எழுத்திலேயே இடுங்கள், ரோமன் எழுத்தில் பழைய நூல்கள் ஒரு முறையிலும் புதிய நூல்கள் இன்னொரு முறையிலும் எழுதியிருப்பதால் பாதி விட்டுப்போகும்.

தொடங்குவதற்கு ஜப்பானிய ஓவியர் செஷ்ஷு 1496-இல் வரைந்த ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குகைச் சுவரை நோக்கி போதிதர்மர் அமர்ந்திருக்க, சீடனாக ஏற்கச் சொல்லி ஹுய்கே வெட்டிய தன் கையை நீட்டுகிறார். போதிதர்மரின் அங்கியை ஓவியர் தடித்த, மங்கிய ஒரே கோட்டில் சுற்றி வளைத்திருக்கிறார். பாறைக்கோ கரடுமுரடான கருமை. முகத்தில் மட்டும் மெல்லிய கோடு. ஒரே படத்தில் இந்த மூன்று வகைக் கோடும் எதற்கு என்று உங்கள் முதல் அத்தியாயத்தில் எழுதிப் பாருங்கள். காஞ்சியைப் பற்றிய அத்தியாயம் கடைசியில் வரட்டும், அதற்கு அதற்குள் உங்களிடம் தரவு இருக்கும்.